காணாமல் போன கணவனும் சட்டத்தின் கணக்கும்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். விடியுமுன் ஆப்பம் சுட்டு விற்பார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் வழியில் அம்மா அவரிடம் வாங்கி என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். 1980களின் இறுதி அது. அக்காவின் கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலை என்று புறப்பட்டுப் போனார். ஆறு மாதம் பணம் வந்தது. பிறகு பணமும் நின்றது, கடிதமும் நின்றது. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் போயிற்று.

அக்கா இன்னும் எத்தனை காலம் அவருடைய மனைவி? இந்தக் கேள்விக்கு எங்கள் லயத்து வாசலில் மூன்று பதில்கள் வந்தன. அக்காவின் தந்தை புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ராவுத்தர். "காத்திரும்மா, நம் மத்ஹபில் அப்படித்தான்" என்று தம் சட்ட மரபைச் சொன்னார். டவுனில் டீக்கடை வைத்திருந்த பாய், "ராவுத்தரே, நான்கு ஆண்டு போதும் என்று சொன்ன இமாமும் இருக்கிறார்" என்றார். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வந்த சமய ஆசிரியரான மலாய் உஸ்தாஸ், "காடி எனும் ஷரியா நீதிபதியின் அலுவலகத்துக்குப் போங்கள், இதற்குச் சட்டம் வந்திருக்கிறது" என்றார்.

மூவரும் இஸ்லாத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவரும் தவறாகச் சொல்லவில்லை. எப்படி அது முடியும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இன்று மாலை வகுப்பில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள், "ஐயா, ஷரியா சட்டம் குர்ஆனில் இருக்கிறதா, சட்டமன்றத்தில் போட்டதா?" என்று கேட்கும்போது, அந்த லயத்து வாசலிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஷரியா என்பது இறைவன் மனிதருக்குக் காட்டிய வழி என்று முஸ்லிம்கள் நம்புவது. நீர்நிலைக்குப் போகும் பாதை என்பது அந்த அரபுச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. ஃபிக்ஹு என்பது அந்த வழியை மனிதர்கள் விளங்கிக்கொண்ட விதம். குர்ஆனையும் நபிமொழிகளையும் அடிப்படையாக வைத்து, அறிஞர்களின் ஒருமித்த கருத்தையும் ஒப்புநோக்கிக் காணும் முடிவையும் துணைகொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் எழுதிக் குவித்த நூல்கள் அவை. மனித முயற்சி என்பதால் அதில் கருத்து வேறுபாடு இயல்பு. சுன்னி முஸ்லிம்களிடையே நான்கு பெரிய மரபுகள் நிலைத்தன: ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபி, ஹன்பலி. இவற்றையே மத்ஹபு என்கிறோம். தமிழ் முஸ்லிம்களுக்குள்ளேயே இது உண்டு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி. மலாய்க்காரர்களும் ஷாஃபி மரபினரே.

காணாமல் போன கணவன் விஷயத்தில் பழைய ஹனஃபி நூல்கள் மிகக் கண்டிப்பானவை. கணவனின் வயதொத்தவர்கள் எல்லாரும் இறந்துபோகும் காலம் வரை அவன் உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றன. அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும் வரை என்று கணக்குச் சொன்னவர்களும் உண்டு. மாலிக்கி மரபில் மனைவி நீதிபதியிடம் முறையிடலாம். நான்கு ஆண்டு கழித்து, கணவனை இழந்தவளுக்குரிய இத்தா எனும் காத்திருப்புக் காலத்தையும் முடித்தால் அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். ராவுத்தர் சொன்னதும் டீக்கடை பாய் சொன்னதும் இவைதான்.

உஸ்தாஸ் சொன்னது வேறு வகை. அது எந்த இமாமின் நூலிலிருந்தும் நேராக எடுத்தது அல்ல. ஒரு சட்டமன்றம் கூடி, பிரிவு பிரிவாக எண் போட்டு, அரசிதழில் வெளியிட்ட விதி. அறிஞர்களின் நூல்களில் பரந்து கிடந்த கருத்துகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, "எங்கள் எல்லைக்குள் இனி இதுவே சட்டம்" என்று அரசு எழுதிவைப்பதைத்தான் சட்டத்தொகுப்பாக்கம் என்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'தேர்ந்து' என்பது. நூலில் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பல கருத்துகளில் ஒன்று சட்டமாகிறது. மற்றவை நூலிலேயே தங்கிவிடுகின்றன. யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதற்காக என்பதே இந்த வரலாறு முழுவதும் ஓடும் கேள்வி.

நம் வீடுகளில் நடந்த ஒன்றோடு ஒப்பிட்டால் இது எளிதாக விளங்கும். என் பாட்டிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். பூசாரியும் பெரிய கங்காணியும் ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள், தாலி கட்டினார்கள், அதுவே திருமணம். ஓர் ஊர் வழக்கம் இன்னோர் ஊருக்கு வேறு. இரண்டாம் தாரம் கட்டியவர்களும் இருந்தார்கள், வழக்கம் அதைத் தடுக்கவில்லை. 1976இல் நாடாளுமன்றம் இயற்றிய திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினர் நீங்கலாக, முஸ்லிம் அல்லாதாருக்கு ஒரே சட்டம், பதிவு கட்டாயம், ஒருவனுக்கு ஒருத்தி. அதற்கு முன் முறைப்படி நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கொள்ளப்பட்டன. தாலி அதே தாலிதான். ஆனால் கல்யாணம் செல்லுமா என்று சொல்லும் அதிகாரம் ஊர்ப் பெரியவர்களின் கையிலிருந்து பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டது. இஸ்லாமியச் சட்டத்தில் அதே மாற்றம் இன்னும் நீண்ட காலத்தில், இன்னும் பெரிய அளவில் நடந்தது.

முற்காலத்தில் ஆட்சியாளர்கள் இதை நினைக்காமல் இல்லை. எட்டாம் நூற்றாண்டில், அப்பாசியக் கலீஃபா அல் மன்சூரின் காலத்தில், இப்னுல் முகஃப்பா என்ற எழுத்தாளர் ஒரு யோசனை எழுதினார். ஊருக்கு ஊர் நீதிபதிகள் முரண்பட்ட தீர்ப்பு சொல்கிறார்கள். கலீஃபா அவற்றை ஆராய்ந்து ஒரே நூலாக்கி எங்கும் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அது நடக்கவில்லை. மதீனாவின் இமாம் மாலிக்கிடம், அவருடைய முவத்தா நூலையே பேரரசு முழுமைக்கும் சட்டமாக்கலாமா என்று கலீஃபா கேட்டதாகவும், நபித்தோழர்கள் பல ஊர்களில் பரவி அந்தந்த ஊர் மக்களுக்கு அறிவைக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களை அவர்கள் வழியில் விடுங்கள் என்று மாலிக் மறுத்ததாகவும் மரபு சொல்கிறது. தன் நூலே நாட்டுச் சட்டமாகும் வாய்ப்பை ஓர் அறிஞர் வேண்டாம் என்ற இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்வேன்.

ஆக, பல நூற்றாண்டுகள் சட்டம் அறிஞர்களிடம் இருந்தது. அரசன் நீதிபதியை நியமித்தான். வரி, நிர்வாகம், தண்டனை போன்றவற்றில் அரசன் தன் ஆணைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதற்குக் கானூன் என்று பெயர். நம் தீபகற்பத்திலும் அதுவே. பதினைந்தாம் நூற்றாண்டில் உருவாகத் தொடங்கிய மலாக்காவின் ஹுக்கும் கானூன், மலாய் அடாட் எனும் வழக்காற்றையும் ஷாஃபி மரபு விதிகளையும் ஒரே ஏட்டில் அருகருகே வைத்திருக்கிறது. 

உண்மையான திருப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில், இஸ்தான்புல்லில் வந்தது. உஸ்மானியப் பேரரசு 1839 முதல் நிர்வாகத்தைச் சீர்திருத்தி வந்தது. புதிய நீதிமன்றங்கள் வந்தன. அங்கே அமர்ந்த நீதிபதிகள் பலருக்கு அரபு ஃபிக்ஹு நூல்களில் ஆழ்ந்த பயிற்சி இல்லை. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை மொழிபெயர்த்து ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். நம்மிடம் இருப்பதையே ஒழுங்குபடுத்தி எழுதுவோம் என்றார் அஹ்மத் ஜவ்தத் பாஷா. அவர் தலைமையிலான குழு 1869 முதல் 1876 வரை உழைத்து மஜல்லாவை வெளியிட்டது. 16 நூல்கள், 1851 பிரிவுகள். விற்பனை, வாடகை, பிணை, அடமானம், கூட்டுடைமை, சாட்சியம் என்று ஹனஃபி மரபின் கொடுக்கல் வாங்கல் சட்டம் முழுவதும் எண்ணிட்ட பிரிவுகளாக வந்தது. திருமணமும் வாரிசுரிமையும் அதில் இல்லை.

மஜல்லாவின் தொடக்கத்தில் பொது விதிகள் ஒரு கொத்தாக இருக்கின்றன. அவற்றை வாசிக்கும்போது நம் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் பேசுவதுபோல் இருக்கும். செயலை நோக்கத்தைக் கொண்டு அளக்க வேண்டும். உறுதியாகத் தெரிந்தது சந்தேகத்தால் நீங்காது. துன்பம் வந்த இடத்தில் சட்டம் இளக வேண்டும். வழக்கமும் ஒரு நடுவர். காலம் மாறும்போது விதிகளும் மாறுவதை மறுக்க முடியாது. இந்தக் கடைசி விதியை, பேரரசின் சட்டநூலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட உண்மையாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

துருக்கி 1926இல் சுவிட்சர்லாந்து மாதிரியில் புதிய சட்டம் கொண்டுவந்து மஜல்லாவைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் அது நம் நாட்டுக்கே வந்துவிட்டது. ஜொகூர் அரசு 1913இல் அதன் மலாய் வடிவத்தை மஜல்லா அஹ்காம் ஜொகூர் என்று வெளியிட்டது. ஷாஃபி மரபைச் சேர்ந்த மலாய் மாநிலம், ஹனஃபி மரபில் துருக்கியர் தொகுத்த நூலை ஏற்றுக்கொண்டது. தொகுத்து எண் போட்ட நூல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எவ்வளவு எளிதாகப் பயணம் செய்கிறது பாருங்கள்.

இந்தியாவில் வேறு விதமாக நடந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி, திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் சட்டம், இந்துக்களுக்குச் சாஸ்திரம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தது. ஆங்கிலேய நீதிபதிக்கு அரபு தெரியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் மர்கீனானி எழுதிய ஹிதாயாவை, பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது 1791இல் அச்சானது. அறிஞர்கள் விவாதித்துக் கற்ற நூலை, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பில், மாற்றமில்லாத சட்டப் புத்தகமாக நீதிமன்றம் கையில் எடுத்துக்கொண்டது. சமயச் சட்டக் கேள்விகளுக்குக் கருத்துச் சொல்லும் அறிஞரான ஒரு முஃப்தி, தன் முன் நிற்கும் பெண்ணின் நிலையைப் பார்த்து வேறு மரபின் கருத்தைத் துணைக்கு எடுத்திருக்கலாம். அந்த வழி அடைபட்டது.

அதன் விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். காணாமல் போன கணவன், சோறு போடாத கணவன், இவர்களிடமிருந்து விடுபட ஹனஃபி விதியில் மனைவிக்கு அநேகமாக வழியே இல்லை. மனைவி மதம் மாறினால் திருமணம் முறியும் என்று மட்டும் நீதிமன்றங்கள் ஏற்றன. ஆகவே பஞ்சாபில் சில பெண்கள், திருமணத்திலிருந்து தப்பிப்பதற்காகவே இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார்கள். ஒரு பெண்ணுக்குத் தன் மதத்துக்குள்ளே நீதி கிடைக்காமல், அதை விட்டுத்தான் நீதி தேட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1930களில் அஷ்ரஃப் அலி தானவி என்ற ஹனஃபி அறிஞர் இதைக் கண்டு கலங்கி, மதீனாவின் மாலிக்கி அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்களுடைய கருத்தைத் தம் மரபினரும் ஏற்கலாம் என்று நூலாக எழுதினார். அந்த முயற்சியின் வழியே 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகள் கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு பெறலாம். மாலிக்கி மரபின் அதே நான்கு ஆண்டு. டீக்கடை பாய் சொன்ன கணக்கு இப்படித்தான் ஹனஃபிகளின் நாட்டில் சட்டமாயிற்று.

இப்போது பேராவுக்கு வருவோம். 1874 ஜனவரி 20இல் பங்கோரில் கையெழுத்தான உடன்படிக்கை, சுல்தான், ரெசிடெண்ட் எனும் பிரிட்டிஷ் ஆலோசக அதிகாரியின் ஆலோசனையை எல்லா விஷயங்களிலும் கேட்டு நடக்க வேண்டும் என்றது. மலாய்ச் சமயமும் வழக்காறும் மட்டும் விலக்கு. கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலம், வணிகம், குற்றம் எல்லாம் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் போக, ஷரியாவுக்கு மிஞ்சியது குடும்பமும் வழிபாடும் சார்ந்த ஒரு சிறு வட்டம். இன்றும் அது ஏறத்தாழ அந்த வட்டத்துக்குள்தான் நிற்கிறது. இஸ்லாமியச் சட்டம் என்றாலே திருமணச் சட்டம் என்று நாம் நினைப்பதற்கு மூலம் இதுவே; மஜல்லாவைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

1927இல் ஒரு முக்கியத் தீர்ப்பு வந்தது. கணவன் மனைவி சேர்ந்து ஈட்டிய சொத்து பற்றிய ராமா எதிர் லாத்தோன் வழக்கு. இஸ்லாமியச் சட்டம் இன்னதென்று நிபுணர் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, அது இங்கே அயல்நாட்டுச் சட்டம் அல்ல, இந்த மண்ணின் சட்டம், நீதிமன்றம் தானே அறிந்திருக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது.

1952இல் சிலாங்கூர் விரிவான முஸ்லிம் சட்ட நிர்வாக எனக்மெனை இயற்றியது. எனக்மென் என்றால் மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டம். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன, பேராவில் 1965. சமய மன்றம், காடி நீதிமன்றம், ஜகாத், பள்ளிவாசல் நிர்வாகம் ஆகியவற்றை இவை ஒழுங்குபடுத்தின. சிலாங்கூர் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு: ஃபத்வா எனும் சமயச் சட்டக் கருத்து வழக்கமாக ஷாஃபி மரபைப் பின்பற்ற வேண்டும், பொதுநலனுக்கு அது பொருந்தாவிட்டால் சுல்தானின் அனுமதியுடன் நான்கு மரபுகளில் எதையும் எடுக்கலாம் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள்.

குடும்பச் சட்டத்தின் உள்ளடக்கமே பிரிவு பிரிவாக எழுதப்பட்டது 1980களில். கோலாலம்பூரை உள்ளடக்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம், கணவன் இருக்குமிடம் ஓராண்டுக்கு மேல் தெரியாவிட்டாலே மனைவி ஃபஸக் எனும் மணமுறிவு கேட்கலாம் என்கிறது. அதே காலத்தில் பல மாநிலங்கள் இதையொட்டிய சட்டங்களைப் போட்டன. தொண்ணூறு வயது, நான்கு ஆண்டு, ஓராண்டு: ஒரே கேள்விக்கு மூன்று கணக்கு. மூன்றாவது கணக்கால் காத்திருக்கும் பெண்ணுக்குக் கிடைத்தது பெரிது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எந்த அறிஞரைத் தேடுவது, அவர் இரங்குவாரா என்று அலைய வேண்டியதில்லை. பிரிவைச் சுட்டிக்காட்டி உரிமையாகக் கேட்கலாம்.

இழந்ததும் உண்டு. ஹனஃபி மரபில் வயது வந்த பெண் வலீ எனும் பொறுப்பாளர் இல்லாமலும் தன் திருமண ஒப்பந்தத்தைச் செய்துகொள்ள முடியும், ஷாஃபியில் முடியாது. இங்குள்ள சட்டங்கள் வலீயைக் கேட்கின்றன. எனவே ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கும் அதுவே சட்டம். அவளுடைய தாத்தாவின் மரபு அலுவலகக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஃபத்வாவும் அப்படியே. மரபுப்படி அது கேட்டவருக்கு முஃப்தி சொல்லும் கருத்து. ஏற்காதவர் இன்னொரு முஃப்தியைக் கேட்கலாம். இங்கோ அரசிதழில் வெளியான ஃபத்வா அந்த மாநில முஸ்லிம்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. மீறுவதைக் குற்றமாக்கும் பிரிவுகளும் இருக்கின்றன. அறிஞரின் கருத்தை அரசின் ஆணையாக்கும்போது அறிஞருக்கும் சுதந்திரம் குறைகிறது, கேட்பவருக்கும் குறைகிறது. இமாம் மாலிக் அஞ்சியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்மெனைப் போடுவது மாநிலச் சட்டமன்றம். 1957இன் கூட்டரசு அரசியலமைப்பு இஸ்லாமியச் சட்டத்தை மாநிலப் பட்டியலில் வைத்தது. ஆகவே பதின்மூன்று மாநிலங்களுக்கும் கூட்டரசுப் பிரதேசத்துக்கும் தனித்தனிச் சட்டம். அந்தச் சட்டமன்றங்களில் நாம் வாக்களித்து அனுப்பும் தமிழர்களும் சீனர்களும் அமர்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு எழும். "அப்படியானால் நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா ஐயா?" உண்டு. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்கள் மேல் மட்டுமே. ஆனால் கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் மதம் மாறும் குடும்பங்களில் இரண்டு சட்டங்களும் ஒரே வீட்டுக்குள் மோதுகின்றன. 1988இல் அரசியலமைப்பின் 121ஆம் பிரிவில் சேர்த்த 1ஏ உட்பிரிவு, ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் உரிமையியல் உயர் நீதிமன்றம் தலையிடாது என்றது. எங்களுக்குப் பக்கத்து ஈப்போவில் தொடங்கிய, இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில், 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், பிள்ளைகளின் மதத்தைத் தாய் தந்தையரில் ஒருவர் மட்டும் மாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மாநிலம் எதையும் சட்டமாக்கிவிடலாம் என்பதும் இல்லை. 2024 பிப்ரவரி 9ஆம் தேதி, கிளந்தானின் ஷரியா குற்றவியல் சட்டத்திலிருந்த 16 பிரிவுகளைக் கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் செல்லாது என்றது. அந்தக் குற்றங்கள் கூட்டரசுப் பட்டியலில் இருப்பவை, மாநிலத்துக்கு அவற்றில் அதிகாரம் இல்லை என்பது காரணம். பலர் இதை இஸ்லாத்தின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வருந்தினார்கள். நீதிமன்றம் பார்த்தது ஒரு சட்டமன்றம் தன் எல்லைக்குள் நின்றதா என்பதை மட்டுமே. அரசு எழுதிய சட்டமாகிவிட்ட பிறகு, மற்ற எந்தச் சட்டத்தையும் போல அதையும் அரசியலமைப்பின் முன் வைத்து அளப்பார்கள்.

அக்காவின் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. உஸ்தாஸ் உடன்போய் மனு எழுதிக் கொடுத்தார். சாட்சிக்கு லயத்திலிருந்து இருவர் பஸ் ஏறிப் போனார்கள். சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்தத் தாளை ராவுத்தரிடம் நீட்டினார்கள். மலாயில் இருந்ததால் உஸ்தாஸை வாசிக்கச் சொல்லி, முடியும் வரை தலை குனிந்து கேட்டார். பிறகு, "இது எந்த இமாம் சொன்னது?" என்றார். உஸ்தாஸ் தாளை மறுபடி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண், முத்திரை இருந்தன. அக்கா அதை வாங்கி இரண்டாக மடித்து, ஆப்ப மாவுச் சட்டிக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.